சிங்கப்பூர் – நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? நாமே கணக்குப் போடலாம்

உலகின் மிக நீண்ட நேரடி விமானப் பயணங்களில் ஒன்று, சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே.வுக்குப் போவது. பார்க்கப் பெரிய கணக்காகத் தெரியும். ஆனால் ஆரம்பிக்க இதைவிட எளிதான ஜோடி கிடைக்காது. ஏன் என்று இரண்டாவது படியில் தெரியும்.

படி 1. கூகுள் மேப்ஸில் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99. ஜே.எஃப்.கே.: வடக்கு 40.64, மேற்கு 73.78.

படி 2. இப்போது தூரம். சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். உருண்டையைத் தட்டையாக்கிய படம் அது. தூரம் தப்பாகத்தான் வரும். (நானும் முதலில் அப்படித்தான் அளந்தேன்.) வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து, சிங்கப்பூரில் ஒரு முனை, நியூயார்க்கில் மறுமுனை வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் பசிபிக் பக்கமும் போகாது, அட்லாண்டிக் பக்கமும் போகாது. நேரே மேலே ஏறி, வடதுருவத்தை ஒட்டிப் போய் இறங்கும்.

காரணம், இரண்டு தீர்க்கரேகைகளையும் கூட்டினால் 177.77 பாகை. கிட்டத்தட்ட 180, அதாவது இரண்டு ஊரும் பூமியின் எதிரெதிர்ப் பக்கம். அப்படியென்றால் சூத்திரமே வேண்டாம். சாங்கியிலிருந்து துருவம் வரை 90 – 1.36 = 88.64 பாகை. துருவத்திலிருந்து ஜே.எஃப்.கே. வரை 90 – 40.64 = 49.36. மொத்தம் 138. ஒரு பாகைக்குச் சுமார் 111.2 கி.மீ. பெருக்கினால் ஏறத்தாழ 15,345 கி.மீ. அவ்வளவுதான்!

மற்ற ஊர்களுக்கு இந்தக் குறுக்குவழி செல்லாது. கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, புறப்படும் இடத்தில் வலது கிளிக் செய்து தூரத்தை அளக்கும் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3. நேரம். பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கி.மீ. போகும். 15,345ஐ 900ஆல் வகுத்தால் 17 மணி நேரம். ஏற, இறங்க, ஓடுபாதைக்கு ஊர்ந்து போக அரை மணி சேர்த்தால் பதினேழரை.

ஆனால் கால அட்டவணையில் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். கணக்கு தப்பில்லை, பாதைதான் வேறு. விமானம் பெரும்பாலும் துருவத்தை விட்டுவிட்டு, பசிபிக்கின் வடபகுதி வழியாகச் சுற்றிப் போகும். அங்கே 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்று வீசும். சில நாள் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். தூரம் கூடினாலும் பின்னாலிருந்து தள்ளிவிட ஆள் இருக்கிறதே! அதனால்தான் ஒரே வழித்தடத்தில் ஒவ்வொரு நாளும் பாதையும் நேரமும் கொஞ்சம் மாறுகின்றன.

படி 4. இங்கேதான் பலரும் சறுக்குவது. கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. கோடையில் சரியாக நள்ளிரவு 12க்குப் புறப்பட்டு 18 மணி 45 நிமிடம் பறந்தால், சிங்கப்பூரில் மாலை 6.45. பன்னிரண்டைக் கழித்தால் நியூயார்க்கில் அதே தேதி காலை 6.45. டிக்கெட்டை மட்டும் பார்த்தால் ஏழு மணி நேரம்கூட இல்லாத பயணம் மாதிரி தெரியும்.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. நியூயார்க்கில் திங்கள் இரவு 10.30க்கு ஏறினால், சிங்கப்பூரில் இறங்கும்போது புதன் விடிகாலை. அலுவலகத்துக்கு லீவு எழுதும்போது செவ்வாயையும் சேர்த்து எழுதுங்கள்.