உங்கள் தெருவின் பழைய வெள்ளத்தையும் வெயிலையும் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி

காரைக்குடி பக்கம் மனை வாங்குகிறவர்களும் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களும் "நம்ம சீமையில என்ன பெரிய மழை" என்று அலட்சியமாகச் சொல்லும்போது எனக்கு வயிறு கலங்கும். சிவகங்கை மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர்தான், சரி. ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதுவும் மழை குறைந்த சீமைதான். சராசரியைப் பார்த்து வீடு கட்டாதீர்கள். உங்கள் தெரு பார்த்த மோசமான நாள் எது என்று தேடிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

முதலில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளின் முகப்பைப் பாருங்கள். நிலைக்கால் அடியில் தேக்கு எந்த உயரம் வரை கறுத்திருக்கிறது, சுண்ணாம்புப் பூச்சு எங்கே பொரிந்திருக்கிறது என்று தெருவிலிருந்து டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் அது ஓதமாக இருக்கலாம். வரிசையாக நாலு வீட்டில் ஒரே மட்டத்தில் இருந்தால் தண்ணீர் அங்கே நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் பெரியவர்களைக் கேளுங்கள், ஆனால் வருடத்தைக் கேட்காதீர்கள், ஞாபகம் வராது. அந்தச் சமயத்தில் வீட்டில் என்ன விசேஷம் என்று கேளுங்கள். எங்கள் அப்பத்தா, "தண்ணி ரெண்டாம் படி ஏறிருச்சுடா, கோட்டை அடுப்பு அணைஞ்சு போயி சோறு பாதி வேக்காட்டுல நின்னுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எந்த வருசம் என்றால் தெரியாது. "உங்க சித்தப்பனுக்குக் கார்த்திகைப் புதுமை செஞ்சப்ப" என்றது. ஆண் பிள்ளைக்கு எங்கள் பக்கம் செய்யும் சடங்கு அது. பரணில் இருந்த மொய் நோட்டை இறக்கினோம், முதல் பக்கத்தில் மாதம், தேதி, வருடம் எல்லாம் இருந்தது. பாதிப் பக்கம் மை கரைந்து ஊதாவாகப் பரவிக் கிடந்தது, அதுவே சாட்சி.

தேதி கிடைத்துவிட்டால் மழைப் பதிவோடு ஒப்பிடலாம். மாவட்டப் புள்ளியியல் கையேட்டில் மாத மழையளவு இருக்கும். நாள்வாரிக் கணக்கு வேண்டுமானால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகத்தில் கேட்க வேண்டும். அவர்களின் மழை நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் 8.30க்கு முடியும், அதனால் ராத்திரி பெய்த மழை அடுத்த தேதியில்தான் ஏறியிருக்கும். இது தெரியாமல் தேடினால் அப்பத்தா பொய் சொல்கிறது என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6 என்றால் மிக கனமழை, 204.5க்கு மேல் அதி கனமழை. ஒரு சென்ட் இடத்தில் 100 மில்லிமீட்டர் பெய்தால் நாலாயிரம் லிட்டர் தண்ணீர். உங்கள் மனை எத்தனை சென்டோ அத்தனையால் பெருக்கி, அவ்வளவும் எந்தப் பக்கம் போகும் என்று யோசியுங்கள்.

போகும் வழியைத்தான் ஆவணத்தில் தேட வேண்டும். அரசு நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேட்டையும் (எந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் கணக்கு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுங்கள். பக்கத்து எண்களில் ஊரணி, வாய்க்கால் என்று வந்தால், இன்று அங்கே கடையே இருந்தாலும் தண்ணீருக்கு அது பழைய வீடுதான். எங்கள் தெருவில் ஊரணிக்குப் போன வரத்துக்கால் மேல் யாரோ மண்ணடித்து மட்டம் செய்துவிட்டார்கள், அதிலிருந்து சாதாரண ஐப்பசி மழைக்கே முழங்கால் தண்ணீர். ஊரணி மட்டும் காய்ந்து கிடக்கிறது. மனசு ஆறவில்லை. பதிவேட்டு நகலை இணைத்து மனுக் கொடுங்கள், வாய்வார்த்தையாகச் சொன்னால் நகராது.

வெயில் சுவரில் கோடு போட்டுவிட்டுப் போவதில்லை, அதனால் தேடுவது கடினம். நாசாவின் பவர் (POWER) என்ற வானிலைத் தரவு இணையதளத்தில் உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் 1981 முதல் தினசரி வெப்பநிலை இலவசமாகக் கிடைக்கும். அது பரந்த பகுதிக்கான கணக்கு, உங்கள் தெருவின் கணக்கு இல்லை, என்றாலும் எந்த வருடம் மோசம் என்று தெரியும். பகல் உச்சத்தை மட்டும் பார்க்காமல் இரவில் எவ்வளவு இறங்கியது என்றும் பாருங்கள், ராத்திரியும் சூடு தணியாத நாட்கள் அடுத்தடுத்து வரும்போதுதான் வயதானவர்கள் சுருண்டு விழுகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, வளவு (வீட்டின் உள்முற்றம்) ஓரத் தாழ்வாரத்தில் ஒரு வாரம், மாடி கான்கிரீட் அறையில் ஒரு வாரம் மாட்டி, மதியம் மூன்று மணிக்கும் இரவு பத்துக்கும் குறித்து வையுங்கள். கனத்த சுவரும் திறந்த முற்றமும் என்ன செய்கின்றன என்று அந்தத் தாளே சொல்லும். ஆயாவையோ அப்பத்தாவையோ எந்த அறையில் படுக்க வைப்பது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி, இடிக்கப்போகிறீர்கள் என்றால் கொத்தனாரிடம் அஸ்திவாரத்துக்கு முன்பே காட்டுங்கள், பழைய தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் வாசல்படி முடிய வேண்டும். பழைய வீட்டிலேயே இருக்கிறீர்கள் என்றால் புரட்டாசி முடிவதற்குள் ஓட்டுக் கூரையில் இரண்டு சரிவும் சேரும் கூடல்வாய்த் தகரத்தில் சருகு அள்ளிவிடுங்கள். வளவுத் தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் ஒரு குடம் ஊற்றி, தெருப்பக்கம் வருகிறதா என்று நின்று பாருங்கள்.