ராத்திரில கால் கொடையுதுங்கற புள்ளைக்கு அயர்ன் டானிக்: எங்க ஆரம்பிக்கறது, எப்படிக் குடுக்கறது

படுக்கப் போட்ட கொஞ்ச நேரத்துல "அம்மா கால் என்னமோ பண்ணுது"ன்னு ஒதைக்க ஆரம்பிக்கும், எந்திரிச்சு நாலு நடை நடந்தா நின்னுரும், மறுக்காப் படுத்தா மறுக்கா வரும், அம்மிச்சி வந்து துண்டை எடுத்து முழங்காலுக்குக் கீழ சுத்திக் கட்டுனா கொஞ்ச நேரம் கம்முனு கெடக்கும். நம்ம பக்கம் இதைக் கால் கொடைச்சல்னு சொல்லி தைலத்தைத் தேய்ச்சு முடிச்சுருவோம். டாக்டருங்க இதை ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்னு சொல்லுவாங்க, 1945-ல ஸ்வீடன் டாக்டர் கார்ல் ஆக்செல் எக்பாம் விவரமா எழுதி வச்சது. பெரியவங்களுக்குத்தான் வரும்னு நெனைக்காதீங்க, அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் எடுத்த கணக்குப்படி பள்ளிக்கூடம் போற வயசுப் புள்ளைங்கள்ல நூத்துக்கு ரெண்டு பேருக்கு இருக்குதுங்க.

இதுக்கு மெடிக்கல்ல போய் சத்து டானிக் கேட்டா கால்சியம், சிங்க், மெக்னீசியம்னு வரிசையா எடுத்து வைப்பாங்க. ஆனா கொழந்தைங்க கால் கொடைச்சல்ல நெசமாவே நல்லா ஆராய்ஞ்சு பாத்த தாது இரும்பு ஒண்ணுதான். மூளைல ஒடம்பு அசைவைப் பாத்துக்கற டோபமைன்ங்கற ரசாயனம் தயாராகறதுக்கு இரும்பு வேணும், ரத்தத்துல இருக்கற இரும்பு பொழுதோட எறங்க ஆரம்பிச்சு ராத்திரில ரொம்பக் கம்மியாயிரும், அதனாலதான் பகலெல்லாம் துள்ளிக் குதிச்ச புள்ள ராவானா காலை ஆட்டுது.

1. இது அதுதானான்னு மொதல்ல பாருங்க

நாலு விஷயம் ஒத்து வரணுங்க. காலை ஆட்டியே ஆகணும்னு ஒரு தவிப்பு, சும்மா இருக்கறப்ப வர்றது, நடந்தா கொறையறது, சாயங்காலம் ராத்திரில அதிகமாகறது. புள்ளைகிட்ட "வலிக்குதா"ன்னு கேட்டா ஆமான்னுதான் சொல்லும், அப்படிக் கேக்காம "எப்படி இருக்குது கண்ணு, நீயே சொல்லு"ன்னு விடுங்க, எறும்பு ஊருது, உள்ள கூசுது, காலுக்குள்ள பூச்சி இருக்குதுன்னு அதோட பாஷைல சொல்லும், அதை அப்படியே எழுதி வச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. தூங்குனதுக்கப்புறம் கால் வெட்டி வெட்டி இழுத்தா போன்ல வீடியோவும் எடுத்துக்குங்க. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இதே தொந்தரவு இருந்தா அதையும் சொல்லுங்க, இது குடும்பத்துல வர்றது சகஜம்.

ஒரே கால்ல மட்டும் வலி, வீக்கம், காய்ச்சல், காலைல நொண்டறதுன்னு இருந்தா இதைப் படிச்சுக்கிட்டு உக்காராதீங்க, நேரா டாக்டர்கிட்ட போயிருங்க, அது வேற.

2. பாட்டிலுக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை

இந்தப் படியத் தாண்டிப் போகக் கூடாதுங்க. கேக்க வேண்டிய டெஸ்ட்டு பேரு ஃபெரிட்டின், ஒடம்புல எவ்வளவு இரும்பு சேமிப்புல இருக்குதுன்னு அது சொல்லும். ஹீமோகுளோபின் 12 இருக்குது, ரத்தம் நல்லா இருக்குதுன்னு திருப்பி அனுப்புனாலும் ஃபெரிட்டின் தனியா கேளுங்க, ஏன்னா சேமிப்பு காலியானதுக்கப்புறம்தான் ஹீமோகுளோபின் எறங்கும். இன்னொரு சிக்கல் என்னன்னா ஃபெரிட்டின் 20, 25ன்னு வந்தாக்கூட லேப் ரிப்போர்ட்டுல நார்மல்னுதான் போட்டிருக்கும், ஆனா கால் கொடைச்சல் இருக்கற புள்ளைக்கு 50க்குக் கீழ இருந்தா வாய் வழியா இரும்பு குடுத்துப் பாக்கலாம்ங்கறதுதான் தூக்க மருத்துவத்துல இப்ப இருக்கற வழிமுறை. ரிப்போர்ட்டைப் பாக்கற டாக்டர்கிட்ட கால் விஷயத்தையும் சேத்துச் சொன்னாத்தான் அவுரு அந்தக் கண்ணோட பாப்பாருங்க.

சளி காய்ச்சல் இருக்கறப்ப எடுக்காதீங்க, அப்ப ஃபெரிட்டின் பொய்யா ஏறிக் காட்டும். தலசீமியா மாதிரி பரம்பரையா வர்ற ரத்தப் பிரச்சனை உள்ள குடும்பம்னா ரத்தம் கம்மியா இருந்தாலும் இரும்பு ஏற்கனவே அதிகமா இருக்கலாம், அதனாலயும் டெஸ்ட் இல்லாம தொடவே கூடாது.

3. லேபிளைப் படிங்க

வழக்கமா சொல்ற அளவு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 3 மில்லிகிராம் எலிமென்டல் அயர்ன், அதாவது மருந்துல இருக்கற நெசமான இரும்பு மட்டும். 20 கிலோ புள்ளைன்னா 60 மில்லிகிராம் வருது, ஆனா முடிவு பண்றது டாக்டர், நாம கணக்கு சரியா இருக்குதான்னு பாத்துக்கறதுக்குத்தான் இது. பாட்டில்ல பெருசா போட்டிருக்கறது மருந்து உப்போட எடை, அதுல இருக்கற இரும்பு வேற. ஃபெரஸ் ஃப்யூமரேட் 100 மில்லிகிராம்னா அதுல இரும்பு ஏறக்குறைய 33தான். எலிமென்டல் அயர்ன்ங்கற வரியத் தேடிப் பாருங்க. 5 மில்லில 30 மில்லிகிராம்னு இருந்தா 60க்கு 10 மில்லி. சமையக்கட்டு ஸ்பூன்ல ஊத்தாதீங்க, பாட்டிலோட வர்ற மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ வச்சு அளங்க.

பள்ளிக்கூடத்துல வாரம் ஒருக்கா மாத்திரை குடுப்பாங்கல்ல, 5லிருந்து 9 வயசுக்கு ரோஸ் கலர், அதுல 45 மில்லிகிராம் இரும்பு, 10 வயசுக்கு மேல நீலம், அதுல 60. அது ரத்தசோகை வராம இருக்கறதுக்கு, இதுக்குப் பதிலாகாது, ஆனா டாக்டர்கிட்ட சொல்லிருங்க.

4. குடுக்கற நேரம்

வெறும் வயித்துல குடுத்தா நல்லா ஏறும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியோ ரெண்டு மணி நேரம் கழிச்சோ. குமட்டுச்சுன்னா ஒரு இட்லி தின்னுட்டுக் குடிக்கட்டும், வாந்தி எடுக்கறதுக்கு அது மேல். கூட எலுமிச்சைத் தண்ணியோ நெல்லிக்காயோ குடுங்க, வைட்டமின் சி இருந்தா இரும்பு நல்லா உள்ள போகும். பாலு, தயிரு, கால்சியம் டானிக் எல்லாம் ரெண்டு மணி நேரம் தள்ளி வைங்க.

டீ பத்திச் சொல்லியே ஆகணும். நம்ம ஊருல பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு டம்ளர் டீயும் வர்க்கியும் குடுக்காத வீடு கம்மி. டீ இரும்பை உள்ள போக விடாது, போதாக்குறைக்கு டீலயும் காபிலயும் இருக்கற கஃபீன் காலோட தவிப்பைக் கூட்டும். டானிக் குடுக்கற மூணு மாசமும் டீயை நிறுத்தறதுக்கு அம்மிச்சியையும் சேத்து சமாதானப்படுத்தணும், அதுதான் இதுல பெரிய வேலைன்னு நான் சொல்லுவேன். அதே மாதிரி "சளி மருந்து குடுத்தா நல்லா தூங்கும்"னு தூக்கம் வர்ற அலர்ஜி சிரப்பை ஊத்தறதும் வேண்டாம், அந்த ரகம் கால் கொடைச்சலை இன்னும் மோசமாக்கும்.

சிரப்பை நாக்குக்குப் பின்னாடி விட்டு உடனே வாய் கொப்புளிக்கச் சொல்லுங்க, இல்லைன்னா பல்லு கறையாகும். மலம் கருப்பாப் போகும், பயப்பட வேண்டாம். கட்டிக்கிச்சுன்னா தண்ணி, கொய்யா, கீரை.

5. சாப்பாடு, பூச்சி

ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) கெடைச்சா வாரம் ஒருநாள் செய்யுங்க, கறில இருக்கற இரும்பு சுளுவா ஏறும். சைவம்னா ராத்திரியே புளிக்க வச்ச கம்மங்கூழ், கொள்ளு, முருங்கைக்கீரை. கம்பு 100 கிராம்ல இரும்பு 6 மில்லிகிராமுக்கு மேல இருக்குது, புளிக்க வச்சா அது இன்னும் நல்லா ஏறும். ஆனா ஃபெரிட்டின் 15ல நிக்கற புள்ளைக்குக் கூழை மட்டும் நம்பாதீங்க. தோட்டத்துல வெறுங்காலோட திரியற புள்ளைங்களுக்குக் கொக்கிப்புழு ஏறி ரத்தத்தைக் குடிக்கும், பூச்சி மாத்திரை எப்பக் குடுத்தோம்னு யோசிச்சுப் பாத்து அதையும் டாக்டர்கிட்ட கேளுங்க.

6. மெக்னீசியம் வேணுமா?

இப்ப எல்லாரும் கேக்கறது இதைத்தான். கொழந்தைங்க கால் கொடைச்சலுக்கு இது கேக்கும்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லைங்க. அமெரிக்க அளவுப்படி 4லிருந்து 8 வயசுக்கு மருந்தா குடுக்கறது ஒரு நாளைக்கு 110 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டுனா வயித்தால போகும், கிட்னி கோளாறு இருந்தா தொடவே வேண்டாம். எள்ளுருண்டை, ராகிக்களி, கடலை போதும்.

7. பாட்டிலைப் பூட்டி வைங்க

இனிப்பா இருக்கும், சின்னது எட்டி எடுத்துக் குடிச்சுரும். கொழந்தைக்கு இரும்பு அதிகமானா உசுருக்கே ஆபத்து. குடிச்சுருச்சுன்னு சந்தேகம் வந்தாலே 108க்குப் போன் பண்ணுங்க, ஒருக்கா வாந்தி எடுத்துட்டுத் தெளிஞ்ச மாதிரி இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்.

8. மூணு மாசம் கழிச்சு

ஒரு வாரத்துல நிக்காது. அதுவரைக்கும் படுக்கறதுக்கு முன்னாடி வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி காலைப் பிடிச்சு விடுங்க, துண்டு கட்டுனா லூசாக் கட்டுங்க. மூணு மாசத்துல மறுபடி ஃபெரிட்டின் எடுங்க. 50ஐத் தாண்டி காலும் அடங்கிருச்சுன்னா எப்ப நிறுத்தறதுன்னு டாக்டர் சொல்லுவாரு, நீங்களா வருசக்கணக்குல ஓட்டாதீங்க. ஒழுங்காக் குடிச்சும் ஏறவே இல்லைன்னா குடல்ல உறிஞ்சாம போகுதா, ரத்தம் எங்கயாவது போகுதான்னு பாப்பாங்க, தேவைப்பட்டா ஊசி வழியா இரும்பு ஏத்துவாங்க. நல்லா ஏறியும் கால் நிக்கலைன்னா கொழந்தைங்க நரம்பு டாக்டர்கிட்ட அந்த வீடியோவையும் ரெண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க.