செங்கோட்டையின் படைவீரர் குடியிருப்புகளைப் பார்ப்பது எப்படி?

டெல்லி செங்கோட்டைக்கு வருவோரில் பெரும்பாலோர் லாகூர் வாயில் வழியாக நுழைந்து, நேராக முகலாய மண்டபங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இடையில் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் ஆங்கிலேயர் காலப் படைவீரர் குடியிருப்புகள் 2019 ஜனவரி 23 முதல் அருங்காட்சியகங்களாக இயங்குவதால், கால் ஓய்வதற்கு முன்பே அவற்றை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

திங்கட்கிழமை கோட்டைக்கு விடுமுறை. லால் கிலா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். நுழைவுச்சீட்டு வாங்கும்போதே அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே போகுமுன் கட்டடங்களின் எதிரில் சற்று நின்று பாருங்கள். ஷாஜகான் 1648-இல் முடித்த அரண்மனையின் முற்றங்களையும் அந்தப்புரக் கட்டடங்களையும் 1857 எழுச்சிக்குப் பிறகு பெருமளவில் இடித்துத் தள்ளிவிட்டுத்தான் ஆங்கிலேயப் படை இவற்றை எழுப்பியது. 2003 வரை இந்திய ராணுவமும் கோட்டைக்குள் இருந்தது. நீண்ட வராந்தாக்களையும் வரிசையான வளைவுகளையும் பார்த்தால், அழகைவிட ஒழுங்கையே பெரிதாக எண்ணிக் கட்டியிருக்கிறார்கள் என்பது புரியும். இவற்றை இடிக்காமல் காத்தது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். அழித்தவர்களின் கட்டடமும் சாட்சியம்தான்.

1857, ஜாலியன்வாலாபாக் ஆகியவற்றுக்கான கூடங்களைக் கால வரிசையில் பார்த்தபின், நேதாஜிக்கும் இந்திய தேசிய ராணுவத்துக்குமான கூடத்துக்கு அதிக நேரம் வையுங்கள். நேதாஜி பயன்படுத்திய மர நாற்காலியும் வாளும் அங்கே உள்ளன. அந்தப் படையின் அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர் மீது ஆங்கிலேயர் நடத்திய ராணுவ விசாரணை 1945 நவம்பரில் இதே கோட்டைக்குள்தான் தொடங்கியது. அவர்களுக்காக வாதாடியவர் புலாபாய் தேசாய். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படைப்பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்தவர். ஆகவே நமக்கு இது அயலார் வரலாறு அன்று. பிள்ளைகளை அழைத்துச் சென்றால் இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

வெளியே வந்ததும் அருகிலுள்ள பழைய படிக்கிணற்றைக் கேட்டறிந்து செல்லுங்கள். இறங்க அனுமதி இல்லாவிட்டாலும், அந்த மூவரையும் அடைத்துவைத்த அறைகள் அதன் உள்ளேதான் இருந்தன என்பதை அறிந்து மேலிருந்தாவது பாருங்கள். முகலாய மண்டபங்களுக்கு அதன்பிறகு போகலாம்.