தொழிலாகச் செய்யாதவரை என்னவென்று எழுதுவது?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முப்பது ஆண்டுகளாக நீர்வண்ண ஓவியம் தீட்டி வருகிறார், ஒன்றைக்கூட விற்றதில்லை. அவருடைய ஓவியக் காட்சிக்கு அழைப்பிதழ் எழுதுகிறவருக்கு, பெயருக்கு முன்னால் என்ன சொல்லைப் போடுவது என்ற இடத்தில் கை நின்றுவிடும். 'பொழுதுபோக்கு ஓவியர்' என்றால் முப்பது ஆண்டு உழைப்பு சிறுத்துப்போகிறது. 'ஓவியக் கலைஞர்' என்று மட்டும் எழுதினால் அதுவே அவருடைய பிழைப்பு என்று படிப்பவர் எண்ணக்கூடும். இத்தகைய இடங்களில் பொருத்தமான சொல்லைத் தேர்வதற்கு ஒரு வழி உண்டு.

முதலில் வருவாய், திறமை, ஈடுபாடு ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையால் அவர் சம்பாதிக்கிறாரா, அதில் எவ்வளவு தேர்ந்தவர், எவ்வளவு ஆழமாக அதில் இறங்கியிருக்கிறார் என்பவை மூன்று வெவ்வேறு கேள்விகள். நம்மிடம் புழங்கும் சொற்களில் பெரும்பாலானவை இவற்றில் ஒன்றைப் பற்றியே பேசுகின்றன. ஒன்றுக்கான சொல்லை இன்னொன்றுக்குப் போடுவதால்தான் பிழை நேர்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் இசை கற்பித்தும் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷல், தாமே செய்த தொலைநோக்கியால் 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தார். அதன் பிறகே மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுண்டு அளித்து அவரை முழுநேர வானியலாளர் ஆக்கினார். கண்டுபிடித்த இரவில் அவர் தொழில்முறை வானியலாளர் அல்லர். ஆனால் அவரைக் கற்றுக்குட்டி என்று எழுத யாருக்கும் மனம் வராது.

தொழிலாக அன்றி ஈடுபாட்டால் ஒன்றைச் செய்பவர் என்ற பொருளுக்கு இன்று மிகுதியாகப் பயன்படும் சொல் 'ஆர்வலர்'. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'அமெச்சூர்' என்ற சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் இலத்தீன் வேர்ச்சொல்லுக்கு 'நேசிப்பவர்' என்று பொருள். 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்' என்ற 71ஆம் குறளில் வரும் ஆர்வலரும் அன்பு கொண்டவரே. வெவ்வேறு மொழிகளில் பிறந்த இரு சொற்களும் அன்பில் வந்து சந்திப்பது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை. ஆகவே ஐயமுள்ள இடங்களில் 'ஆர்வலர்' என்ற சொல்லையே முதலில் பரிந்துரைப்பேன். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. 'சமூக ஆர்வலர்', 'சுற்றுச்சூழல் ஆர்வலர்' என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதி, போராடுபவர், வழக்குத் தொடுப்பவர் என்ற பொருளும் இதில் ஏறிவிட்டது. 'பறவை ஆர்வலர்' என்றால் பறவைகளைப் பார்த்துக் குறிப்பெடுப்பவரா, அவற்றின் வாழிடத்துக்காகக் குரல் கொடுப்பவரா என்று தெரியாமல் போகலாம். அங்கே 'பறவை நோக்குபவர்' என்று செயலையே எழுதிவிடுவது தெளிவு.

'அமெச்சூர்' என்ற சொல்லை அப்படியே வைத்திருக்க வேண்டிய இடங்களும் உண்டு. அமெச்சூர் வானொலி என்பது தேர்வெழுதி உரிமம் பெற்று, வணிக நோக்கின்றி நடத்தப்படுவது. அங்கே அச்சொல் சட்டப் பொருள் கொண்டது என்பதால் 'பொழுதுபோக்கு வானொலி' என்று மாற்றினால் பொருள் கெடும். விளையாட்டிலும் அது திறமையின் அளவைக் குறிக்கவில்லை. இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் ஊதியம் பெறாதவர், பெறுபவர் என்ற பாகுபாடு 1962இல்தான் கைவிடப்பட்டது; அதுவரை சிறந்த ஆட்டக்காரர்கள் இருபுறமும் இருந்தார்கள். நாடகத்துக்கு நம்மிடம் 'பயில்முறை' என்ற நல்ல சொல் இருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களுடன் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, நடிப்பைப் பிழைப்பாகக் கொள்ளாத படித்தவர்களின் குழு. அவரே வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்தவர். ஊர் ஊராகச் சென்று நடித்துப் பிழைத்த தொழில்முறைக் கம்பெனிகளிலிருந்து அத்தகைய குழுக்களைப் பிரித்துச் சொல்ல 'பயில்முறை நாடகக் குழு' பொருந்தும்.

குறைத்துப் பேசும் சொற்களில் கூடுதல் கவனம் வேண்டும். 'கற்றுக்குட்டி' திறமையை அளப்பது. இப்போதுதான் தொடங்கியவரைச் சுட்டுவது. சம்பளம் வாங்குகிறவரும் கற்றுக்குட்டியாக இருக்கலாம். 'நுனிப்புல் மேய்பவர்' என்பது ஆழமின்மையைச் சொல்வது. 'அரைவேக்காடு' நேரடியான வசை. அறிமுக உரையில் அதற்கு இடமில்லை. ஒருவர் பணம் வாங்குவதில்லை என்ற ஒரே காரணத்துக்காக இவற்றில் எதையும் அவர்மேல் சுமத்துவது அநீதி என்றே கருதுகிறேன்.

அருகில் நிற்கும் வேறு சில சொற்களும் குழப்பும். ரசிகர், சுவைஞர் ஆகியோர் நுகர்பவர்கள். தாமே செய்ய வேண்டியதில்லை. தன்னார்வலர் பிறருக்காகவோ பொதுப்பணிக்காகவோ ஊதியமின்றி உழைப்பவர். 'பகுதிநேர' என்றால் நேரம் குறைவு என்றுதான் பொருள், ஊதியம் இருக்கலாம். இசையில் முறையாகப் பயிலாமல் கேட்டுக் கேட்டே தேர்ந்தவரைப் பற்றி எழுதும்போது, 'கேள்விஞானம் உடையவர்' என்ற தொடரைவிட மதிப்பும் துல்லியமும் உள்ள சொல் கிடைப்பது அரிது.

எந்தப் பெயர்ச்சொல்லும் பொருந்தாவிட்டால், வினையைக் கொண்டு எழுதுங்கள். தமிழ்ப் பெயரெச்சம் இதற்கு வெகுவாக இடம்தரும். அந்த ஆசிரியரின் அழைப்பிதழில் 'முப்பது ஆண்டுகளாக நீர்வண்ண ஓவியம் தீட்டி வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்' என்று எழுதினால், அவருடைய பணி, கலை, ஈடுபாடு ஆகிய மூன்றும் யாதொரு முத்திரையுமின்றி வந்துவிடுகின்றன. அச்சுக்கு அனுப்புமுன் அந்த வரியை அவரிடமே ஒருமுறை படித்துக் காட்டி, அவருக்கு அது சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.