குஞ்சு: ஒரு சொல்லின் வேரைத் தேடும் முறை

முதலில் அகராதியைத் திறக்காதீர்கள். இன்றைய வழக்கைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோழிக்குஞ்சு, மீன்குஞ்சு, எலிக்குஞ்சு உண்டு; மாட்டுக்குஞ்சு கிடையாது. யாழ்ப்பாணத்தில் குஞ்சியப்பு என்றால் சித்தப்பா, குஞ்சியம்மா என்றால் சின்னம்மா. ‘குஞ்சு குளுவான்’ என்பது வீட்டுப் பொடிசுகளை. பறவையே வராத இந்த இடங்கள்தாம் மிக முக்கியம்: ‘சிறியது’ என்ற பொருளையும் சேர்த்துத் தேட வேண்டும் என்று அவை காட்டிவிடுகின்றன.

அடுத்து பழைய நூல்கள். தொல்காப்பியத்தின் மரபியல் என்ற இயல் ஒன்பது இளமைப் பெயர்களைச் சொல்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. பறப்பவற்றுக்கு உரியவை பார்ப்பும் பிள்ளையும். குஞ்சு இந்தப் பட்டியலில் இல்லை. உடனே ‘அக்காலத்தில் இச்சொல்லே இல்லை’ என்று எழுதிவிடுவது பலரும் செய்யும் பிழை. மரபியல் தருவது நூல்வழக்கு. பேச்சில் என்ன புழங்கியது என்பதற்கு அது சாட்சியாகாது. இன்னொன்று: தவழ்பவற்றுக்கும் பார்ப்பு உரியது. ஐங்குறுநூற்றில் முதலைக்கும் ஆமைக்கும் பிறந்தவை பார்ப்புதான். ஆகவே பழம்பாட்டில் பார்ப்பைக் கண்டால், எந்த உயிரின் பார்ப்பு என்று பார்த்த பிறகே பொருள் எழுதுங்கள். பிள்ளை இன்று கிளிப்பிள்ளையில் தங்கியிருக்கிறது. ஆனால் வயதான கிளியும் கிளிப்பிள்ளைதான்.

இப்போது அகராதிகள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936, ஆறு தொகுதிகள்) பொருள்களை வகைப்படுத்தித் தரும். இனமொழிச் சொற்களுக்கு, அதாவது மலையாளம், கன்னடம் போன்ற உறவு மொழிகளில் உள்ள இணைச் சொற்களுக்கு, பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி வேண்டும். 1961 பதிப்பை விட்டு, திருத்திய 1984 பதிப்பையே எடுங்கள்.

இனச்சொல்லை ஒலியால் சோதியுங்கள். தமிழின் ‘ஞ்ச’ மலையாளத்தில் பல சொற்களில் ‘ஞ்ஞ’ ஆகும்: மஞ்சள்–மஞ்ஞள், கஞ்சி–கஞ்ஞி, பஞ்சு–பஞ்ஞி. இதே தடத்தில் குஞ்சு–குஞ்ஞு. அங்கே மனிதக் குழந்தையும் குஞ்ஞுதான். ஒரே ஒரு இணையை வைத்து முடிவு கட்டாதீர்கள். குறைந்தது மூன்று இணைகளாவது கையில் இருக்கட்டும். கன்னடத்தில் குன்னி என்றால் நாய்க்குட்டி. ‘சிறியது’ என்று முதலில் குறித்துவைத்த பொருள் இங்கே வலுப்பெறுகிறது.

பெரிய பொறி குஞ்சி. ‘குஞ்சி அழகும்’ என்று நாலடியார் சொல்வது தலைமுடியை. பறவையின் கொண்டைக்கும் குஞ்சி என்ற பெயர் உண்டு என்பதால், கொண்டையிலிருந்து குஞ்சு வந்தது என்று கதை கட்டத் தோன்றும். மலையாளத்தைப் பாருங்கள்: பிடரிக்கு அங்கே குஞ்சி, பிடரிமயிருக்குக் குஞ்சிரோமம், ‘ஞ்ச’ அப்படியே நிற்கிறது. குஞ்சு மட்டும் குஞ்ஞு ஆகிவிட்டது. ஒரே வேரென்றால் இரண்டும் ஒரே போக்கில் மாறியிருக்க வேண்டும். அதனால் இரண்டையும் தனித்தனிச் சீட்டில் எழுதி வையுங்கள்.