வோல்னிரின் காப்பை உடையுங்கள், எலும்பை அல்ல: டார்க் சோல்ஸ் 3-இல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டார்க் சோல்ஸ் 3 என்ற வீடியோ கேம் ஆடும் நம் பிள்ளைகளிடம் எந்த பாஸ் (பெரிய எதிரி) கஷ்டம் என்று கேட்டால், வோல்னிர் பெயரை அநேகமாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் முதல் தடவை அவனிடம் செத்தவர்கள் ஏராளம். அவன் பலத்தால் சாகவில்லை, அவன் உருவத்தைப் பார்த்துத் தடுமாறித்தான் சாகிறார்கள். இருட்டுக்குள்ளிருந்து கிரீடம் வைத்த ஒரு பெரிய மண்டை ஓடு எழுந்து, எலும்புக் கைகளை ஊன்றித் தவழ்ந்து வரும்போது எங்கே அடிப்பது என்றே தெரியாமல் போகிறது.

தவறுகளைச் சொல்வதற்கு முன் அவன் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவனை வீழ்த்தும் வழியே அந்தக் கதைக்குள் இருக்கிறது. வோல்னிர் கார்த்தஸின் அரசன். மற்ற அரசர்களையெல்லாம் மண்டியிட வைத்து, அவர்கள் கிரீடங்களைப் பொடியாக்கித் தானே ஒரே பேரரசன் ஆனவன். அப்படிப்பட்டவன் அபிஸ் என்ற அடியில்லாத இருளுக்குள் விழுந்தான். அங்கேதான் முதல் தடவையாகப் பயந்துபோய்த் தெய்வங்களைக் கூப்பிட்டான். அந்த இருட்டில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்தவை ஒரு புனித வாளும், மதகுருமார்களின் பிணங்களிலிருந்து கழற்றிய மூன்று காப்புகளும். ஆட்டத்தில் கிடைக்கும் பொருள்களின் குறிப்புகளிலேயே இவ்வளவும் எழுதியிருக்கிறது. நிறையப் பேர் அவற்றைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

முதல் தவறும் பெரிய தவறும் இதிலிருந்து வருவதுதான்: எலும்பை அடிப்பது. விரலை வெட்டுகிறார்கள், முழங்கையை வெட்டுகிறார்கள், சிலர் முகத்துக்கே அம்பு விடுகிறார்கள். அதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை. அவன் கைகளில் மின்னுகிறதே தங்கக் காப்பு, ஒரு கையில் இரண்டு, மற்றதில் ஒன்று, அவைதான் அவன் உயிர். மூன்றையும் உடைத்தால் சண்டை முடிந்தது. அவனைத் தாங்கிப் பிடித்திருந்த பிடி போய், வந்த இருட்டுக்குள்ளேயே சரிந்து விழுகிறான். ஃபிரம் சாஃப்ட்வேர் நிறுவனம் 2016-இல் தந்த இந்த ஆட்டத்தில் இதைவிட அழகான சண்டைகள் உண்டு, இதைவிடக் கஷ்டமானவையும் உண்டு. ஆனால் ஒருவனுடைய பயத்தையே அவன் பலவீனமாக வைத்த இடம் என்றால் எனக்கு வோல்னிர்தான் முதலில் நினைவுக்கு வருகிறான்.

இரண்டாவது தவறு, நெருங்கி நிற்பது. வோல்னிரின் உடலைச் சுற்றி ஒரு கரும்பனி மூட்டம் இருக்கிறது. அதற்குள் நுழைந்தால் உயிர்ப்பட்டை கண்ணெதிரே கரையும். இதை விஷம் என்று நினைத்து, விஷத்துக்கு மருந்தான பாசி உருண்டைகளைப் பை நிறைய வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். விஷம் என்றால் முதலில் விஷப் பட்டை நிரம்ப வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை, நேராக உயிர்தான் போகிறது. பாசியும் உதவாது, கேடயமும் உதவாது. தள்ளி நிற்பது ஒன்றே மருந்து. அவன் கையை முன்னால் நீட்டி ஊன்றும்போது காப்பு பெரும்பாலும் மூட்டத்துக்கு வெளியே வரும். அந்த நேரத்தில் கையின் வெளிப்பக்கமாக நின்று அடியுங்கள். ஒரு காப்பு உடைந்து அடுத்த கைக்குப் போக வேண்டுமென்றால் அவன் நெஞ்சுக்குக் கீழே குறுக்காக ஓடாதீர்கள். பின்வாங்கி, முன்பக்கமாகச் சுற்றிப் போங்கள். ஓட்டம் கொஞ்சம் கூடும், உயிர் மிஞ்சும். அவன் வாயிலிருந்தும் அந்தப் புகையை ஊதுவான். தலையைத் தூக்கிவிட்டான் என்றால் இன்னும் ஓர் அடி அடித்துவிடலாம் என்ற ஆசையை விட்டுவிட்டு ஓடுங்கள்.

ஓடுவது என்றதும் எல்லை வரைக்கும் ஓடிவிடக் கூடாது. அவன் தவழ்ந்து முன்னேறிக்கொண்டே இருப்பான். நீங்கள் பின்வாங்கப் பின்வாங்க உங்களுக்கு இருக்கும் இடம் குறையும். உயிரை மீட்கும் எஸ்டஸைக் குடிக்கும் அளவுக்குத் தள்ளிப் போங்கள், குடித்தவுடன் திரும்பி வாருங்கள்.

அப்புறம் எலும்புக்கூட்டுப் படை. சண்டை நடுவில் வோல்னிர் சின்ன எலும்புக்கூடுகளை எழுப்பிவிடுவான். வாளையும் உருவி வீசுவான். கார்த்தஸ் நிலவறை முழுக்க எலும்புக்கூடுகளோடு மல்லுக்கட்டி வந்த பழக்கத்தில், இவற்றையும் ஒவ்வொன்றாக முடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்று நினைக்கிறோம். தேவையே இல்லை. அவை உங்கள் நேரத்தைத் தின்ன வந்தவை. வழியில் குறுக்கே நிற்பதை மட்டும் தட்டிவிட்டுக் காப்புக்கே போங்கள்.

ஆயுதத்தை இரண்டு கையால் பிடித்து அடித்தால் காப்பு சீக்கிரம் உடையும். இந்தச் சண்டையில் கேடயத்துக்குப் பெரிய வேலை இல்லை என்பதால் இதில் நஷ்டமும் இல்லை. ஆயுதமும் கவசமும் சேர்ந்த சுமை, தாங்கும் அளவில் 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் உருளும்போது உடம்பு தொப்பென்று விழும், வாள் வீச்சிலிருந்து தப்ப முடியாது. ஒரு துண்டைக் கழற்றி வையுங்கள். இந்த அளவு உருவத்தோடு சண்டை போடும்போது கேமராவை நம்பாமல், வலது விரலால் நீங்களே திருப்பப் பழகுவது நல்லது.

சண்டைக்கு முன்னால் செய்யும் தவறு ஒன்று உண்டு. தொங்குபாலத்தைத் தாண்டி உள்ளே போனால் பீடத்தில் ஒரு கோப்பை இருக்கும். என்னவோ பரிசுப் பொருள் என்று நினைத்துத் தொட்டால், அடுத்த நொடி வோல்னிர் முன்னால் நிற்பீர்கள். ஆட்டத்தில் காசு போல உதவும், நீங்கள் சேர்த்த ஆத்மாக்களைச் செலவழிக்காமல் தொடாதீர்கள். பாலத்தைத் தாண்டியதும் கயிற்றை அடித்து அறுத்தால் துரத்தி வரும் எலும்புக்கூடுகள் கீழே விழும். அறுந்த பாலமே ஏணியாகி ஸ்மோல்டரிங் லேக் என்ற ஏரிப் பகுதிக்கு இறங்க வழியும் கிடைக்கும்.

நம்மூருக்கென்று சில விஷயங்கள். லோட் ஷெடிங் 2023-இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை என்றாலும், கேபிள் திருட்டுக்கு நேரம் காலம் கிடையாது. இந்த ஆட்டம் தானாகவே அடிக்கடி சேமித்துக்கொள்ளும். சேமிக்கிற நொடியில் மின்சாரம் போனால் கோப்பே கெட்டுப்போகலாம். கணினியில் ஆடுகிறவர்கள் சேமிப்புக் கோப்பை வாரத்துக்கு ஒரு தடவை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். கன்சோலில் ஆடுகிறவர்கள், வீட்டு இன்வெர்ட்டரில் டிவியோடு கன்சோலையும் சேர்த்துவிடுங்கள்.

துணைக்கு ஆள் கூப்பிடுவதிலும் இங்கே தவறு நடக்கிறது. எம்பர் என்ற தணல் பொருளை ஏற்றாமல் எவ்வளவு தேடினாலும் தரையில் மற்ற ஆட்டக்காரர்களின் அழைப்புக் குறி தெரியாது. எம்பர் ஏற்றியும் தெரியவில்லை என்றால் நெட்வொர்க் அமைப்பில் வேறு பிராந்தியத்தாரோடு சேர்ந்து ஆடும் வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு உள்ளூர் ஆட்களுக்காக மட்டும் காத்திருந்தால் ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அண்ணனோ சித்தப்பா மகளோ உதவிக்கு வருவதாக இருந்தால் இரண்டு பேரும் ஒரே கடவுச்சொல் போடுங்கள். லெவல் வித்தியாசம் இருந்தாலும் சேரலாம், வருகிறவர் பலத்தை ஆட்டமே குறைத்துக்கொள்ளும். ஒன்று மட்டும், தம்பி தங்கைகளுக்கு உதவப் போகிற பெரியவர்கள் மூன்று காப்பையும் தாங்களே உடைத்துவிடாதீர்கள். ஒன்றையாவது அவர்களுக்கு விட்டுவையுங்கள். தன் கையால் உடைத்து அந்தச் சத்தத்தைக் கேட்பதுதான் அவர்களுக்குச் சந்தோஷம்.

ஜெயித்த பிறகு வோல்னிரின் ஆத்மாவை உடனே உடைத்துத் தின்றுவிட வேண்டாம். ஆட்டத்தின் மையத் தங்குமிடமான ஃபயர்லிங்க் ஷிரைனில் இருக்கும் லட்லெத் என்பவரிடம் கொடுத்தால் அதை வோல்னிரின் புனித வாளாகவோ, பிளாக் சர்ப்பென்ட் என்ற தீ மந்திரமாகவோ மாற்றித் தருவார். அதற்கு அன்டெட் செட்டில்மென்ட் பகுதியில் பாஸாக இருக்கும் பெரிய மரத்தை வீழ்த்தி, ஆத்மாக்களை மாற்ற உதவும் மாற்று உலையை அவரிடம் முன்னமே கொடுத்திருக்க வேண்டும். தீ மந்திரம் ஆடுகிறவர்கள் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். தரையில் ஊர்ந்து போய் அடிக்கும் அந்த மந்திரம் கடைசி வரைக்கும் கைகொடுக்கும்.

வோல்னிருக்கு அடுத்து வழி இரிதில் நகரத்துக்குப் போகிறது. பாலத்தின் முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தடுப்பு இருக்கும், கையில் சின்ன பொம்மை இல்லாவிட்டால் உள்ளே விடாது. அந்தப் பொம்மை கதீட்ரல் ஆஃப் தி டீப் என்ற பகுதியில் டீக்கன்கள் என்ற பாஸ் கூட்டத்தை முடித்தால் கிடைப்பது. கதீட்ரலைப் பாதியில் விட்டுவிட்டு ஃபாரன் கீப் வழியாக நேரே கார்த்தஸுக்கு இறங்கியவர்கள் அந்தப் பாலத்தில் நின்று முழிக்கிறார்கள். ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம். கதீட்ரலுக்குத் திரும்பிப் போய் டீக்கன்களை முடித்துவிட்டு வாருங்கள்.