சுங்கை சிப்புட்டிலிருந்து கூலாய்க்கு: லோரியில் வீடு மாறுவது எப்படி?

பக்கத்துத் தாமானுக்கு (குடியிருப்புக்கு) வீடு மாறுவதென்றால் மச்சானின் பிக்கப்பில் நாலு நடை அடித்தால் போதும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து தெற்கே ஜொகூர் மாநிலத்துக் கூலாய்க்கு என்றால் கதை வேறு. 500 கிலோமீட்டருக்கு மேல், ஒரே நடை. மறந்ததை எடுக்கத் திரும்பி வர முடியாது. நாங்கள் அப்படி மாறியபோது பட்டதையும் கற்றதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: வேண்டாததைக் கழித்த பிறகு லோரி பேசுங்கள்

நாங்கள் தலைகீழாகச் செய்தோம். முதலில் மூன்று டன் லோரியைப் பேசினோம், பிறகுதான் அலமாரியைத் திறந்தோம். இடம் இருக்கிறதே என்று உடைந்த நாற்காலிகூட ஏறிவிட்டது. ஒவ்வொரு அறையாகப் பாருங்கள். ஓராண்டாகத் தொடாததைத் தனியே வையுங்கள். அப்பாவின் ரப்பர் பால்வெட்டு உளியை வைத்துக்கொண்டோம். நாற்பது மங்குக் கோப்பைகளை எடுத்து வந்திருக்க வேண்டியதில்லை. மிஞ்சியதை எழுதிப் பார்த்தால் ஒரு டன் லோரி போதுமா, மூன்று டன் வேண்டுமா என்பது தானே தெரியும்.

படி 2: பெர்மிட்டைக் கேளுங்கள்

புதியவர்கள் சறுக்கும் இடம் இது. கூலிக்குப் பிறர் பொருளை ஏற்றும் லோரிக்கு ‘ஏ’ பெர்மிட், அதாவது சரக்கு ஏற்றும் ‘ஏ’ உரிமம் வேண்டும். ‘சி’ உரிமம் உள்ள லோரி அதன் உரிமையாளருடைய சரக்கை மட்டுமே ஏற்றலாம். தெரிந்த ஹார்ட்வேர் கடை அண்ணன் பாதி விலைக்கு வருகிறேன் என்பார். அவரிடம் இருப்பது பெரும்பாலும் ‘சி’தான். எங்கள் உறவினர் ஒருவர் அப்படிப் போய், வழியில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சோதனையில் மாட்டி, வெயிலில் கட்டிலோடு நின்றார். மலிவு அங்கேயே கரைந்தது.

நாமே ஓட்டிவிடலாம் என்ற எண்ணமும் வரும். லோரியின் வெற்று எடை 3,500 கிலோவைத் தாண்டினால் காருக்கான ‘டி’ ஓட்டுநர் உரிமம் போதாது. ஓட்டுநரோடு சேர்த்தே பேசுங்கள். டோல், ஏற்றி இறக்கும் ஆட்கள், பொருளுக்குக் காப்புறுதி ஆகிய மூன்றும் விலையில் அடக்கமா என்று வாட்சாப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு கூலாய் போய்ச் சேராது.

படி 3: கட்டுங்கள்

மளிகைக்கடையில் கேட்டால் மைலோ பெட்டி கிடைக்கும். பெரிய பெட்டியில் துணி, சிறிய பெட்டியில் புத்தகம். மாற்றிப் போட்டால் தூக்குகிறவர் உங்களைத் திட்டுவார், நியாயமாகவே. பெட்டியின் மேல்புறத்தில் எழுதினால் அடுக்கியபின் தெரியாது. பக்கவாட்டில் எழுதுங்கள்.

குளிர்ப்பெட்டியை முதல் நாள் இரவே அணைத்து, திறந்து, துடைத்து வையுங்கள். லோரியில் அது நின்றபடிதான் வர வேண்டும். படுக்கவைத்துக் கொண்டுவர நேர்ந்தால், இறக்கி நிறுத்திச் சில மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாயில் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். எங்களுடையது மெத்தைமேல் வடித்துக்கொண்டது.

படி 4: ஏற்றுங்கள்

கனமானவை தரையோடு, ஓட்டுநர் அறைப் பக்கமாக. ஆட்டுக்கல், அம்மி, இரும்பு அலமாரி முதலில் ஏறட்டும். பாரத்தை இடம் வலம் சமமாகப் பிரித்து வையுங்கள். ஒரு பக்கம் சாய்ந்த லோரி வளைவில் பயமுறுத்தும். மெத்தைகளை இடையில் செருகினால் கண்ணாடிக்குக் காவல். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கயிறு கட்டுங்கள், எல்லாம் முடிந்தபிறகு என்று விடாதீர்கள். திறந்த லோரியானால் கன்வாஸ் கட்டாயம். கறிவேப்பிலைத் தொட்டி கடைசியில், கதவோரம்.

சமையல் எரிவாயு உருளையை ஏற்றவே வேண்டாம். விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

படி 5: நாளும் வழியும்

ஆடியில் வீடு மாற வேண்டாம் என்று அம்மா சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அதில் வாதமில்லை. நான் சேர்ப்பது ஒன்றுதான்: நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு வாரங்களையும் தவிருங்கள். அப்போது சரக்கு வாகனங்களுக்குத் தற்காலிகத் தடை வருவது வழக்கம், நெரிசலும் சொல்லி மாளாது. ஆண்டுக் கடைசி மழையில் ஜொகூரில் வெள்ளம் புதிதல்ல.

நாங்கள் விடிகாலை நான்குக்குக் கிளம்பினோம். செம்மோர் வழியாகப் பழைய சாலையில் ஈப்போ போய் நெடுஞ்சாலை ஏறினால், மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய மலைச்சரிவு தப்பும். கோலாலம்பூர் நகருக்குள் நுழையாமல் ஷா ஆலாம் பக்கமாகத் திரும்பி, எலைட் நெடுஞ்சாலையில் போய் நீலாயில் மீண்டும் தெற்கு நெடுஞ்சாலையைச் சேரலாம். தாப்பா, பாகோ ஓய்வுப்பகுதிகளில் நின்று கயிற்றை இறுக்குங்கள். ஆட்டத்தில் அது தளர்ந்திருக்கும். ஆறு சக்கர லோரிக்கு டோல் இரண்டாம் வகுப்பு, காரைவிடக் கூடுதல். டோல் கட்டும் டச் என் கோ அட்டையில் பணம் இருக்கிறதா பாருங்கள்.

படி 6: தாள்கள்

மின்சார, தண்ணீர்க் கணக்குகளை மூடி வைப்புத்தொகையைக் கேளுங்கள். பிள்ளையின் பள்ளி மாற்றத்தை இப்போதைய பள்ளியில் முன்கூட்டியே தொடங்குங்கள். மைகார்டு (அடையாள அட்டை) முகவரியைப் போனபிறகு மாற்றலாம். அசல் ஆவணங்களும் நகையும் உங்கள் காரில், லோரியில் அல்ல.

படி 7: கடைசிப் பெட்டி

சாமிப் படம், விளக்கு, தீப்பெட்டி, பால் காய்ச்சும் பாத்திரம், கைக்கு அடக்கமான எரிவாயு அடுப்பு, கத்தி ஒன்று, கழிவறைத்தாள், பாய். இந்தப் பெட்டி காரில் வரட்டும். அடுப்புக்கான எரிவாயுக் கேனையும் பாலையும் கூலாயில் வாங்கிக்கொள்ளலாம். சர்க்கரையை மறக்காதீர்கள், நாங்கள் மறந்து, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் போய் நின்றோம்.